ஒரு கட்டிலுக்கு ஒருத்தி

மிஸ்ஸி,

சுண்ணாம்பு கரைக்கிற வாடை இன்று காலை நான் எழுத்து வேலை பார்க்கிற கந்தோரின் ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. எட்டிப் பார்த்தேன். வேலுதான், முற்றத்தில் பீப்பாயை வைத்துக் கோலால் கிண்டிக்கொண்டிருந்தான். இந்த ஆஸ்பத்திரிக்கு வேலையாளாக வந்தபோது முறுக்கு மீசை வைத்திருந்தவன். இப்போது மீசையும் சுண்ணாம்பும் ஒரே நிறம். "பெரிய ஆளுங்க வர்றாங்களாம், அம்மா. சுவரெல்லாம் அடிச்சிடணும்னு புது டொக்டர் ஐயா சொல்லிட்டாரு" என்றான். யார் வருகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. சுண்ணாம்பு வாடை அடித்தால் யாரோ பார்க்க வருகிறார்கள் என்றுதான் இந்த மலையில் அர்த்தம். எனக்கு உன் ஞாபகம் வந்தது. ஞாபகத்துக்கு முன்னால் கோபம் வந்தது. போய்ச் சேர்ந்தவள் மேல் என்ன கோபம் என்று நீ கேட்பாய். எனக்கும் தெரியவில்லை, எழுதினால் தணியுமோ என்று உட்கார்ந்திருக்கிறேன்.

வருகிறவர்கள் ஒரு வெளிநாட்டு அரசாங்கத்தின் ஆட்கள். நம்முடைய சுகாதார இலாகாவோடு கூட்டுச் சேர்ந்து மருத்துவிச்சிகளுக்குப் பயிற்சி கொடுக்கப் போகிறார்களாம். பணமும் ஆசிரியர்களும் அவர்களுடையது. கட்டடமும் படிக்கிற பெண்களும் நம்முடையது. எந்த ஊரில் வைத்தால் பிரயோசனப்படும் என்று முதலில் வந்து பார்ப்பார்கள். எவ்வளவு குறை இருக்கிறது, கொடுப்பதைத் தாங்கிக்கொள்ள எவ்வளவு தெம்பு இருக்கிறது, இரண்டையும் அளப்பார்கள். இதையெல்லாம் உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஐம்பதுகளின் கடைசியில் இதே முற்றத்தில், இதே வாடையில், நீயும் நானும் இந்தக் கதையை ஒருமுறை பார்த்து முடித்தவர்கள்தான்.

நான் கிளார்க் வேலைக்கு வந்த புதிதில் உன்னைக் கண்டு பயந்தேன். ஹட்டன் கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்தவரின் மகள், கான்வென்டில் இங்கிலீஷ் படித்தவள். தேயிலைத் தோட்டத்துச் சனங்களை எங்கள் கடையில் சீட்டித் துணி பேரம் பேசுகிறவர்களாக மட்டுமே பார்த்திருந்தேன். நீ வெள்ளைச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, காலில் அட்டை கடித்த ரத்தத்தோடு என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாய். "கடை வீட்டுப் புள்ளையாமே? இங்க முழம் போட்டு அளக்கிற வேலையெல்லாம் இல்ல கிளாக்கரம்மா, தெரிஞ்சுதானே வந்தே?" என்றாய். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அன்று மத்தியானமே உன் ரொட்டியில் பாதியும் சம்பலும் என் மேசைக்கு வந்தன. அதற்குப் பிறகு நீ ஆஸ்பத்திரியில் இருந்த மத்தியானங்களில் நாம் சேர்ந்து சாப்பிடாத நாளில்லை. நீ இருந்த மத்தியானங்களே குறைவு என்பது வேறு விஷயம்.

கொத்மலைப் பக்கத்துத் தோட்டமொன்றில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள் நீ. உன் அம்மா கொழுந்து எடுத்தவள். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, கொழும்புக்குப் போய்ப் பயிற்சி முடித்து, நாற்பத்தெட்டில் சுதந்திரம் வருவதற்கு முன்னாலேயே அரசாங்க மருத்துவிச்சியாகிவிட்டாய். அதற்குப் பிறகு வந்த சட்டத்தில் உன் தம்பி தங்கைகள் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்களாகிப் போனார்கள். நீ எப்படியோ அலைந்து பிரஜாவுரிமைப் பத்திரம் வாங்கித் தப்பினாய். என் அப்பாவுக்கும் பத்திரம் கிடைத்தது. கடைக்காரர்களுக்கு வழி தெரியும், வக்கீலைத் தெரியும். இதை நீ ஒருநாளும் என்னிடம் குத்திக் காட்டியதில்லை. நானாகத்தான் குறுகிப்போவேன்.

சுற்றியுள்ள தோட்டங்களுக்கெல்லாம் நீ ஒருத்தி. தோட்டங்களில் மருந்து கலக்கிக் கொடுக்க ஆள் இருந்தது; பிள்ளை குறுக்கே கிடந்தால் உன்னைத்தான் தேடி ஓடி வருவார்கள். அரசாங்கம் அவ்வப்போது புதிய மிஸ்ஸிகளை அனுப்பியது. அவர்கள் வருவார்கள், குளிரைப் பார்ப்பார்கள், அட்டையைப் பார்ப்பார்கள், தமிழ் தெரியாமல் லயத்துப் பெண்களிடம் கையைக் காட்டிப் பேசிப் பார்ப்பார்கள். பிறகு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. மொழி தெரிந்த லயத்துப் பெண்களுக்கோ பத்திரம் இல்லை. பத்திரம் இல்லாதவளுக்கு அரசாங்கப் பயிற்சி இல்லை. ஆக, கடைசிவரை நீ ஒருத்திதான்.

"இன்னொரு கை வேணும்டி." இதுதான் உன் பேச்சு. கை கழுவும்போது சொல்வாய். ரொட்டியைப் பிய்க்கும்போது சொல்வாய். குழம்புக்கு உப்பு வேணும் என்று சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொல்வாய். சில நாள் எனக்கு அலுப்பாகக்கூட இருக்கும். "என்னைப் பார்த்துச் சொல்லி என்ன பிரயோசனம்? நான் கிளார்க்" என்பேன். "உன்கிட்டதான் சொல்ல முடியுது. வேற யாருகிட்ட சொன்னாலும் மனு எழுதிக் குடுங்கங்கறாங்க" என்பாய்.

ஒரு மழைக்காலத்தில் இரண்டு தோட்டங்களில் இரண்டு பேருக்கு ஒரே காலையில் வலி எடுத்தது. இரண்டு பக்கத்திலிருந்தும் ஆள் வந்து நம் வாசலில் நின்றார்கள். நீ ஒரு பக்கம் போனாய். அங்கே தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். மறுபக்கம் யாரும் பிழைக்கவில்லை. திரும்பி வந்து செய்தி கேட்டாய். நனைந்த சேலைத் தலைப்பைப் பிழிந்துகொண்டே, "அங்க போயிருந்தா இவ செத்திருப்பா. அவ்வளவுதான்" என்றாய். நான் கொடுத்த பால் விடாத பிளேன்டியைக் கையில் வைத்துக்கொண்டு, ஆறிப்போகிற வரைக்கும் குடிக்காமலே உட்கார்ந்திருந்தாய். நான் அழுதேன். நீ அழவில்லை, அழுகிற என்னைப் பார்க்கவும் இல்லை.

அப்படியிருந்த நேரத்தில்தான் பழைய டொக்டர் ஐயா அந்தச் செய்தியைக் கொண்டுவந்தார். சிங்களவர், நல்ல மனிதர். நம்மோடு தமிழில்தான் பேசுவார், நடுநடுவே சிங்களம் விழும். வெளிநாட்டார் பயிற்சி வகுப்புக்கு இடம் பார்க்கிறார்கள், பார்க்கிற இடங்களில் நம்முடையதும் ஒன்று என்றார். முக்கியமான சங்கதியைக் கடைசியில் சொன்னார்: இந்த வகுப்பில் சேர்கிறவர்களிடம் பத்திரம் கேட்கமாட்டார்களாம், தோட்டத்துப் பெண்களையும் எடுப்பார்களாம். நீ எழுந்து பின்னால் போனாய். உடைந்த கட்டில்கள் போட்டு வைத்திருந்த சாமான் அறைக்குள் நின்று, சுவருக்குச் சுவர் கையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாய். "இங்க பெஞ்சு போட்டா போதும்டி. ஜன்னல் இருக்கு. வெளிச்சம் வரும்" என்றாய். உன் முகத்தில் அன்று பார்த்த மாதிரிச் சிரிப்பை நான் முன்னும் பின்னும் பார்க்கவில்லை. அதனால்தான் இன்றுவரை கோபம்.

தோட்டத்துப் பழக்கம் உனக்குத் தெரியாததா? பெரியதுரை லயம் பார்க்க வருகிறார் என்றால் அதற்கு முன்னமே சுண்ணாம்பு வந்து இறங்கும். சாக்கடைக் கான் துப்புரவாகும். சொறி பிடித்த பிள்ளைகளையும் இருமுகிற கிழடுகளையும் அன்றைக்கு மட்டும் தேயிலைக்குள் அனுப்பிவிடுவார்கள். துரை வருவார், வெள்ளைச் சுவரைப் பார்ப்பார், தலையை ஆட்டுவார், போவார். அவர் கண்ணில் குறை பட்டால் கங்காணிக்கு ஏச்சு விழும். கங்காணிக்கு விழுந்தால் எல்லோருக்கும் விழும். பார்க்க வருகிறவருக்குக் குறை தெரியக்கூடாது என்றே வளர்ந்த சனம். குறையைப் பார்ப்பதற்கென்றே ஒருவர் வருவார் என்பது அவர்கள் கேள்விப்படாத விஷயம்.

சுவருக்கு வெள்ளை அடிக்கச் சொன்னது டொக்டர் ஐயா. ஆனால் பாயில் கிடந்த பெண்களை அனுப்பச் சொன்னது நீ. நம் பிரசவ வார்டில் ஒரு கட்டிலில் இரண்டு பேர் படுப்பார்கள், மிச்சப் பேர் தரையில். வலி எடுக்காதவர்களையும் பெற்றுத் தேறியவர்களையும் கீழே இருக்கும் தோட்டத்துப் பிள்ளைமடுவத்துக்கு, கொழுந்துக்காரிகள் வேலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகிற அந்தக் கொட்டகைக்கு, பகல் பொழுதுக்குக் கொண்டுபோய் விடச் சொன்னாய். "நம்ம குறையைப் பார்க்கத்தானே அந்த வெளிநாட்டு ஆளு வர்றாரு, அதைப் போய் மறைக்கிறியே?" என்று சண்டை பிடித்தேன். "வீட்டுக்கு வர்ற ஆளு முன்னால கிழிஞ்ச பாயை விரிப்பியா நீ?" என்றாய். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒரு நாளைக்காவது இந்த வார்டை ஒரு கட்டிலுக்கு ஒருத்தியா பாக்கணும்டி எனக்கு" என்றாய்.

அந்த வெளிநாட்டுத் துரை வந்தார். உயரமான, மெலிந்த மனிதர். கெட்டவராக இருந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும், திட்டிவிட்டுப் போயிருக்கலாம். நல்லவர். ஒவ்வொரு கட்டிலருகிலும் நின்று கைகூப்பினார். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டுக் குழாயடி வரை நடந்தார். டொக்டர் எதிரில் நீ தயங்குவாய் என்று அவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, மொழிபெயர்க்க என்னை வைத்துக்கொண்டார். மருந்துகளின் பெயர் இங்கிலீஷில் உனக்கு அத்துப்படி, பேச்சுத்தான் வராது. அவர் உன்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார். இவ்வளவு தோட்டங்களுக்கும் நீங்கள் ஒருவர்தானாமே, உங்களால் சமாளிக்க முடிகிறதா?

நான் தமிழில் சொன்னேன். வருஷக்கணக்காக என் காதைத் தின்ற பேச்சை நீ இப்போது கொட்டப்போகிறாய், நான் அதை நல்ல இங்கிலீஷில் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று வார்த்தைகளைத் தயாராக வைத்திருந்தேன். நீ கையைக் கட்டிக்கொண்டாய். தலை குனிந்தது. உன்னுடையதல்லாத ஒரு குரலில், "சமாளிச்சுக்கிறோங்க தொரை. ஒரு கொறையும் இல்லீங்க" என்றாய்.

நீ சொன்னதைத்தான் நான் சொன்னேன். அதுதான் என் வேலை. அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது பார், அப்போதே காரியம் கெட்டுவிட்டது. உன் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட நிற்காமல், ஜீப்பில் ஏறிக் கொழும்புப் பாதையில் கீழே இறங்கிவிட்டார்.

வராந்தாவில் உன்னைப் பிடித்துக்கொண்டேன். "என்னடி சொன்னே? யார்டி சொல்லச் சொன்னது அப்படி?" நீ அந்த வெள்ளைச் சுவரில் சாய்ந்து நின்றாய், சேலையெல்லாம் சுண்ணாம்பு. "நானா சொன்னேன்? வாய் சொல்லிருச்சு. அவரு கேட்டதும் எங்கம்மா பெரட்டுல நின்னு பேசுற மாதிரியே வந்துருச்சு" என்றாய். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற பெரட்டுக் களத்தில் கையைக் கட்டி நிற்கிற உன் அம்மாவை நான் பார்த்ததில்லை. ஆனால் அன்று பார்த்துவிட்டேன். "நாக்கு அப்படிப் பழகிக் கெடக்குடி" என்று சொல்லி, உன் உதட்டில் நீயே இரண்டு விரலால் அடித்துக்கொண்டாய். அன்றைக்கு நாம் சேர்ந்து சாப்பிடவில்லை.

பிள்ளைமடுவத்திலிருந்து பெண்கள் திரும்பி வந்தார்கள். பாய்கள் விரிந்தன. பின்னேரம் மழை கொட்டத் தொடங்கியதும் வந்து சேர்ந்த ஒருத்திக்கு வந்த உடனே பிள்ளை பிறந்தது, உதிரம் நிற்கவில்லை. அந்த நேரத்தில்தான் ஜீப் திரும்பி வந்தது. கினிகத்தேனைக்கு இந்தப் பக்கம் மண் சரிந்து பாதை அடைபட்டுப் போயிருந்தது. தங்க இடம் கேட்க வந்த மனிதர், காலையில் பார்த்த அதே வார்டின் வாசலில் வந்து நின்றார். கட்டிலுக்கு இரண்டு பேர். தரையெல்லாம் பெண்கள், நனைந்த கம்பளிகள், அழுகிற குழந்தைகள். அவர் ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக அப்படியே நின்றுவிட்டார்.

நீ மறைப்புக்குப் பின்னாலிருந்து, துணியில் சுற்றிய குழந்தையோடு வெளியே வந்தாய். வைக்க இடமில்லை, கொடுக்க ஆளில்லை. நான் தண்ணீர்ச் சட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். எதிரில் நின்ற அவரிடம், "இதைப் புடிங்க தொரை" என்று குழந்தையைக் கையில் திணித்துவிட்டுத் தாயிடம் ஓடினாய். அவர் சேற்றுச் சப்பாத்தோடு, தொப்பியைக்கூடக் கழற்றாமல், அந்தக் குழந்தையை ஏந்திக்கொண்டு நின்றதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பும் வருகிறது. வேண்டும் வேண்டும் என்றாயே, அன்றைக்கு ஒரு பொழுதுக்கு இன்னொரு கை கிடைத்தது.

தாய் பிழைத்தாள். நீ முழங்கை வரை கழுவிவிட்டு வந்து குழந்தையை வாங்கிக்கொண்டாய். இந்த முறை தலை குனியவில்லை. "காலையில சொன்னது பொய்யிங்க தொரை. எங்களால முடியலை. இன்னொரு கை வேணும்" என்றாய். உன் குரல், உன்னுடைய குரல். நான் அதை அப்படியே இங்கிலீஷில் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றினார். மறுநாள் பாதை திறந்து அவர் புறப்பட்டபோது உன்னைத் தேடி வந்து கைகூப்பிவிட்டுப் போனார். அன்று மத்தியானம் நீ இரண்டு ரொட்டி கூடச் சாப்பிட்டாய். எந்தெந்தத் தோட்டத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் இருக்கிறார்கள் என்று வாயாலேயே சொல்லிக்கொண்டிருந்தாய்.

முடிவு வர மாதங்களாயின. டொக்டர் ஐயா கொழும்புக்குக் கூட்டத்துக்குப் போய்வந்து நம்மைக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார், அப்போதே தெரிந்துவிட்டது. "மிஸ்ஸி, காலையில பாத்த ஆஸ்பத்திரிக்கு இந்தப் பயிற்சி தேவை இல்லையாம். பின்னேரம் பாத்த ஆஸ்பத்திரிக்கு அதைத் தாங்கிற தகுதி இல்லையாம். மொனவா கரன்னத? என்ன செய்யிறது?" என்று கையை விரித்தார். வகுப்பு கீழ்நாட்டில் ஒரு ஊருக்குப் போய்விட்டது. நீ எழுந்தாய். "பரவாயில்லீங்க டொக்டர் ஐயா. சமாளிச்..." என்று தொடங்கி, உன் காதில் அது விழுந்ததும் பாதியில் நிறுத்திக்கொண்டாய். வாசலில் யாரோ ஆள் வந்து நின்றிருந்தான். குடையை எடுத்துக்கொண்டு அவன் பின்னால் போய்விட்டாய்.

அந்த வெளிநாட்டு மனிதர் தன் அறிக்கையில் பொய் எழுதவில்லை, மிஸ்ஸி. நான் எத்தனையோ தரம் யோசித்துப் பார்த்துவிட்டேன். காலையில் பார்த்ததும் உண்மை, பின்னேரம் பார்த்ததும் உண்மை. நம்முடைய சுத்தமும் நம்முடைய இல்லாமையும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் இருந்தன. அவர் கண்ணுக்கு அவை இரண்டு ஆஸ்பத்திரிகளாகப் பட்டன. ஒன்றுக்குப் பயிற்சி தேவையில்லை, மற்றதற்குக் கொடுத்தால் வீணாகிவிடும். இரண்டையும் ஒரே பெண் நடத்திக்கொண்டிருந்தாள் என்பதை அளக்க அவர் கையில் ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகு நீ அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. "இன்னொரு கை" என்ற சொல்லே உன் வாயில் வராமல் போனது. அலுப்பாக இருக்கிறது என்று முன்பு முகத்தைச் சுளித்த நான், நீ ஒருதரம் சொல்லமாட்டாயா என்று காத்திருந்தேன். ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டே தூங்கிப்போவாய். எழுப்பினால், "தூங்கல, கண்ணுக்கு ஓய்வு குடுத்தேன்" என்பாய். சாமான் அறை சாமான் அறையாகவே இருந்தது.

போன மழைக்காலத்தில் ஒரு தோட்டத்திலிருந்து நனைந்து வந்து படுத்தவள்தான். காய்ச்சல் நெஞ்சில் இறங்கிவிட்டது என்றார்கள். நாங்கள் உன் வார்டிலேயே, ஜன்னலோரக் கட்டிலில், உன்னைத் தனியாகப் படுக்க வைத்தோம். உன் அறிவு தெளிந்திருந்த நேரத்தில் சுற்றிலும் பார்த்தாய். தரையில் கிடக்கிற பெண்களைப் பார்த்தாய். உன் பக்கத்தில் வெறுமையாகக் கிடந்த இடத்தைக் கையால் தடவிப் பார்த்தாய். "எனக்கு எதுக்குடி தனியா ஒரு கட்டில்? தொரை வர்றாரா?" என்றாய். நீ கடைசியாகச் செய்த கேலி அதுதான். சிரித்துவிட்டு நான் வெளியே போய் அழுதேன்.

இவ்வளவும் நேற்று எழுதியது. இன்றைக்கு அவர்கள் வந்து போய்விட்டார்கள்.

நேற்று எழுதிவிட்டு எழுந்து நேரே வேலுவிடம் போனேன். முன் சுவரும் வராந்தாவும் அடித்தாகிவிட்டது, பிரசவ வார்டுதான் மிச்சம் என்றான். அதை அடிக்க வேண்டாம், பீப்பாயை எங்கேயாவது மறைத்து வை என்றேன். புதிய டொக்டர் கேட்டபோது சுண்ணாம்பு தீர்ந்துபோனது என்று கூசாமல் சொன்னேன். பெண்களைப் பிள்ளைமடுவத்துக்கு அனுப்பும் பேச்சு வந்தபோது, அந்தக் கூரை ஒழுகுகிறது என்றேன். அது உண்மை. முன்பக்கத்து வெள்ளைச் சுவரையும் வார்டுப் பாய்களையும் ஒரே நாளில், ஒரே நேரத்தில் பார்க்கட்டும் என்பதுதான் என் எண்ணம்.

இந்த முறை வந்தது ஒரு வெள்ளைக்கார அம்மா, கூட இலாகா ஆட்கள். எல்லாவற்றையும் பார்த்தார். வார்டு வாசலில் நின்று அவரும் அதே கேள்வியைத்தான் கேட்டார். இந்த ஆட்களுக்கு இந்தக் கேள்வியை யார் சொல்லிக்கொடுக்கிறார்களோ! சமாளிக்க முடிகிறதா? உன் இடத்துக்கு வந்தவள் மாற்றலில் போய்விட்டாள். இப்போது நுவரெலியாவிலிருந்து ஒருத்தி எப்போதாவது வந்து போகிறாள். முன்பு இன்னொரு கை இல்லை, இன்று அந்த ஒரு கையும் இல்லை. அப்படியிருந்தும் நம் புதிய டொக்டர், பாவம், சின்ன வயது, இலாகா ஆட்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிற வசதிக்குள் சமாளிக்கிறோம் என்று இங்கிலீஷில் தொடங்கினார்.

"முடியலைங்க" என்றேன் நான்.

தமிழில்தான் வந்தது. சத்தமாகவே வந்துவிட்டது. மற்றவர்கள் பேசுவதை எடுத்துச் சொல்வதுதான் என் வேலை, நானாகப் பேசுவது அல்ல. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இந்தப் பெண் என்ன சொல்கிறார் என்று அந்த அம்மா கேட்டார். மொழிபெயர்க்க அங்கே என்னை விட்டால் ஆளில்லை. ஆகவே எனக்கு நானே மொழிபெயர்த்துச் சொன்னேன். "எங்களால் முடியவில்லை, இன்னொரு கை வேண்டும் என்று இந்த ஆஸ்பத்திரி மிஸ்ஸி சொன்னாள்" என்றேன். அந்த அம்மா ஆர்வமாக, அவரிடம் நான் பேச வேண்டுமே, எங்கே இருக்கிறார் என்று கேட்டார். ஜன்னலோரக் கட்டிலைக் காட்டினேன். அதில் இரண்டு பெண்கள் கால்மாடு தலைமாடாகப் படுத்திருந்தார்கள். "அங்கேதான் செத்தாள்" என்றேன்.

அந்த அம்மா என்ன எழுதப்போகிறாரோ தெரியாது. தேவையும் இருக்கிறது, தகுதியும் இருக்கிறது, ஆனால் வேறொன்று இல்லை என்று மூன்றாவதாக ஒரு காரணம் கண்டுபிடிக்கலாம். இரண்டு அரசாங்கங்களும் ஒப்பந்தம் போட்ட பிறகு லயங்களில் இப்போது யார் இந்தியாவுக்குப் போவது, யார் இங்கே இருப்பது என்ற பேச்சுத்தான். நாளைக்கு ஊரைவிட்டுப் போகப்போகிறவர்களுக்கு எதற்கு மருத்துவிச்சி என்று யாராவது கேட்டாலும் கேட்கலாம். எனக்கு நம்பிக்கை பெரிதாக இல்லை. அலுத்துப்போய்விட்டது, மிஸ்ஸி. ஆனால் கோபம் தணிந்துவிட்டது. உன் அம்மாவிடமிருந்து உன் நாக்குக்கு ஒரு பேச்சு வந்தது; அதை நீ ஒரு பின்னேரம் உதறினாய். உதறிவிட்டுச் சொன்ன அந்த வார்த்தை என்னிடம் இருக்கிறது. இனி யார் வந்து கேட்டாலும் அதுதான் முதலில் வரும்போல.

அவர்கள் ஜீப் வளைவில் மறைந்த பிறகு வேலு தலையைச் சொறிந்துகொண்டு வந்தான். "மறைச்சு வச்ச சுண்ணாம்பு அப்படியே கெடக்கு, அம்மா. என்ன செய்ய?"

"நாளைக்குப் பிரசவ வார்டை அடிச்சிடு" என்றேன்.

"நாளைக்கா? நாளைக்கு யாரும் பாக்க வரலியே?"

"அதுக்குத்தான்" என்றேன். "படுத்திருக்கிறவங்க பாக்கட்டும்."